யார் கையில் தீக்குச்சி?

ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் ஆந்திரியாஸ் மால்ம் எழுதிய சிறிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று 2021இல் வெளிவந்தது. ‘எண்ணெய்க் குழாயை வெடிக்க வைப்பது எப்படி’ என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வெடி செய்யும் முறை எதுவும் அதற்குள் இல்லை. புவி இவ்வளவு சூடாகிவிட்ட பிறகும் சூழலியல் இயக்கங்கள் ஏன் ஊர்வலத்தோடும் மனுவோடும் நின்றுவிடுகின்றன, கரியும் எண்ணெயும் எரிக்கும் எந்திரங்கள் மீது ஏன் ஒருவரும் கைவைப்பதில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. மனிதர் மீது வன்முறை கூடாது, பொருள் மீது கூடும் என்பது அவருடைய பதில்.

இந்தப் புத்தகத்தை 2024 ஜனவரியில் ஏரலில் உட்கார்ந்து படித்தேன். டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பாலத்தின் அணுகுசாலையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. கடைத்தெருவில் தரைத்தளத்துச் சரக்கெல்லாம் சேறாகிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று கணக்கு வந்தது. வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு, வெளியே வாழைத்தோட்டங்கள் படுத்துக் கிடந்தன. அந்தச் சமயத்தில், பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு என்று சொல்லும் புத்தகம் யாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் நெருடத் தொடங்கியது. அந்த நெருடலை எழுதிப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மால்மின் வலுவான சான்று பெண்களிடமிருந்து வருகிறது. நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்ட பெண்கள் 1912 முதல் 1914 வரை கடை ஜன்னல்களை உடைத்தார்கள், தபால் பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள், ஆளில்லாத மாளிகைகளை எரித்தார்கள். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வீட்டில் 1913 பிப்ரவரியில் குண்டு வெடித்தது. அந்தப் பொறுப்பை ஏற்ற எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் மூன்றாண்டுத் தண்டனை பெற்றார். இன்று அவருக்கு நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் சிலை இருக்கிறது. அடக்கமான பெண்கள் அமைதியாகக் கேட்டு வாங்கிய உரிமை என்று பாடப்புத்தகங்கள் கதையை மழுப்பிவிட்டன, அதை மால்ம் உடைக்கிறார். ‘பொண்ணா லட்சணமா’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பகுதி உற்சாகம் தருவது இயல்பு.

ஆனால் அதே கதையில் அவர் வேகமாகக் கடந்துபோகிற இடம் ஒன்று உண்டு. தபால் பெட்டிக்குள் போட்ட பாஸ்பரஸ் 1913இல் டண்டீ நகரத்துத் தபால் ஊழியர்களின் கைகளைச் சுட்டது. பெட்டி அரசாங்கத்தின் சொத்து, கை கூலிக்கு வேலை பார்க்கிறவனுடையது. பொருளுக்கும் மனிதருக்கும் நடுவே மால்ம் போடும் கோடு காகிதத்தில் நேராக இருக்கிறது. பொருளைத் தினமும் தொட்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிற உலகத்தில் அது அவ்வளவு நேராக ஓடுவதில்லை.

*

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘நாசவேலை’. செய்தித்தாள் சொல், போலீஸ் சொல். இதைச் செய்கிறவர்களுக்கும் ஒரு சொல் தயாராக இருக்கிறது, ‘சமூக விரோதிகள்’. 2018 மே 22க்குப் பிறகு தூத்துக்குடியில் எல்லோரும் கேட்ட சொல் அது. ஒரு வாரம் கழித்துக் காயமடைந்தவர்களைப் பார்க்க வந்த ரஜினிகாந்தும் அதையே சொன்னார். எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் நாடு சுடுகாடாகிவிடும் என்றும் சொன்னார். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த ஒரு பையன் அவரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டது ஊர் முழுக்கப் பரவியது.

எங்கள் பக்கத்துப் பெண்களின் வாயில் ‘நாசம்’ வேறு விதமாகப் புழங்கும். ‘நாசமாப் போவ’ என்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். கையில் வேறொன்றும் இல்லாதவள் செய்வது அது. ஒரு சேதமும் ஆகாது, ஆனால் தூற்றப்பட்டவனுக்குத் தூக்கம் வராது. ஆக, நாசம் செய்கிறவன் யார் என்று பெயர் வைக்கும் உரிமைக்கு இரண்டு தரப்பு போட்டியிடுகிறது. ஒரு தரப்பிடம் முதல் தகவல் அறிக்கை இருக்கிறது. மறு தரப்பிடம் ஒரு பிடி மண்.

ஸ்டெர்லைட் கதையை இந்தக் கண்ணோடு திரும்பப் படிக்கலாம். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் வருவதாக இருந்த தாமிர உருக்காலை, அங்கே மாம்பழ விவசாயிகளின் எதிர்ப்பால் நின்றுபோய் இங்கே வந்தது. 1994இல் அடிக்கல். 1996இல் தாது ஏற்றிவந்த கப்பலை மீனவர்கள் படகுகளோடு கடலில் சூழ்ந்து மறித்தார்கள். 1997 ஜூலையில் ஆலைக்குப் பக்கத்தில் உலர்மலர் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள் புகையில் மூச்சுத் திணறி மயங்கி விழுந்தார்கள். 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 2013 மார்ச்சில் நகரமே கண்ணெரிந்து இருமியது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆலை மாசுபடுத்தியது உண்மை என்று சொல்லி 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. கூடவே ஆலை ஓடலாம் என்றும் சொன்னது.

மயங்கி விழுந்த பெண்களின் நுரையீரலுக்குள் போனதை யாரும் தீவைப்பு என்று சொல்லவில்லை. அது ‘கசிவு’. கசிவுக்குச் செய்தவர் கிடையாது, பானையில் நீர் கசிவதுபோல அது தானாக நடக்கும். தீவைப்புக்கு மட்டும் செய்தவர் வேண்டும், அவருக்கு முகம் வேண்டும், தந்தை பெயர் வேண்டும், முகவரி வேண்டும். சட்டத்தின் மொழியே இப்படி இருக்கும்போது, பொருளைச் சேதப்படுத்துவது வன்முறையா இல்லையா என்று மால்மோடு விவாதிப்பதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டியது, எந்தச் சேதம் முதலில் வன்முறை என்று எண்ணப்படுகிறது என்பது.

*

2018 பிப்ரவரி 12இல் அ.குமரெட்டியாபுரத்துப் பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஆலையை விரிவாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் உட்கார்ந்தவர்கள். எங்கள் பெரியம்மை இரண்டு தடவை ஏரலிலிருந்து பஸ் பிடித்துப் போனாள். முதல் தடவை சும்மா போனாள். அடுத்த தடவை வீட்டு வாழைத்தார் ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனாள். என்ன நடந்தது பெரியம்மை என்று கேட்டால், “என்னத்த நடக்கும், இருந்தோம். பேசுனாவ, கேட்டோம். பிள்ளைய தூங்கிச்சு. சோறு பொங்குனோம்” என்பாள்.

நூறு நாள் போராட்டம் என்று நாம் பெருமையோடு சொல்வதன் உள்ளடக்கம் இதுதான். தினமும் யாராவது வந்து உட்கார வேண்டும். உட்காருகிறவளின் வீட்டில் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்று பேசி முடிவு செய்ய வேண்டும். மாதவிடாய் நாளில் எங்கே ஒதுங்குவது, கைக்குழந்தையை யார் பார்ப்பது, கணவன் முறைத்தால் யார் போய்ப் பேசுவது என்று ஒவ்வொன்றும் வேலை. மால்மின் புத்தகத்தில் வரலாறு நகர்வது உடைபடும் கணத்தில். கண்ணாடி நொறுங்குகிறது, குழாய் வெடிக்கிறது, உலகம் திரும்பிப் பார்க்கிறது. தொண்ணூற்றொன்பது நாள் சோறு பொங்கியதை அந்தக் கணக்கில் எங்கே எழுதுவது? அடுப்படி வேலை கூலிக் கணக்கில் வராததுபோல, இயக்கத்துக்குள்ளும் இது ‘தீவிரம்’ என்ற கணக்கில் வருவதில்லை. வீட்டில் படித்த அதே பாடத்தை இயக்கத்திலும் படிக்கிறோம்.

நூறாவது நாள் மே 22. 144 தடை உத்தரவு இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். அங்கே வண்டிகள் எரிந்தன. போலீஸ் சுட்டது. இரண்டு நாளில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஸ்னோலின் அவர்களில் ஒருத்தி. திரேஸ்புரத்து ஜான்சி ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, தன் சொந்தப் பேட்டையில் விழுந்தார். அவர் எந்த வண்டிக்குப் பக்கத்திலும் இல்லை.

யார் தீ வைத்தது? இன்றுவரை இதற்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. கூட்டம் வைத்தது என்று ஒன்று, கூட்டத்தின் தலையில் போடுவதற்காக வைக்கப்பட்டது என்று இன்னொன்று. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, தப்பி ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது சுட்டிருக்கிறார்கள், மறைந்திருந்து சுட்டிருக்கிறார்கள், இதற்குத் தூண்டுதல் இல்லை என்ற முடிவு வெளியே வந்தது. போலீஸ் அதிகாரிகள், காவலர்கள் 17 பேர் மீதும் அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. ஆனால் அந்த முடிவு வர நான்கு ஆண்டுகள் ஆயின. முதல் நாள் இரவே எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஓடியது எரியும் வண்டி. மறுநாள் முதல் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்திவிட்டார்கள். நம்மிடம் இருந்த படங்களைக் காட்ட வழியில்லாமல் அவர்களிடம் இருந்த படம் மட்டும் ஓடியது. கையில் தீக்குச்சி இல்லாதவர்கள்கூட அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

*

இதைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருகிறவர் ஜூடி பாரி. கலிஃபோர்னியாவின் செம்மரக் காடுகளைக் காக்கப் போராடியவர், தச்சு வேலை தெரிந்தவர், தொழிற்சங்கத்துக்காரர், இரண்டு பெண் குழந்தைகளின் தாய். அவர் சேர்ந்த ‘எர்த் ஃபர்ஸ்ட்’ அமைப்பில் நாசவேலை ஒரு வீர மரபாக இருந்தது. மரத்தில் நீள ஆணி அடித்துவைப்பார்கள். ரம்பம் உடையும், மரம் வெட்டுவது நட்டமாகும் என்பது கணக்கு. 1987இல் அறுவை ஆலை ஒன்றில் ரம்பம் ஆணியில் பட்டுச் சிதறி ஒரு தொழிலாளியின் முகத்தைக் கிழித்தது. அந்த ஆணியை அந்த அமைப்பினர் அடித்ததாக நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் பாரியும் தோழர்களும் 1990இல் எங்கள் பகுதியில் இனி மரத்தில் ஆணி அடிப்பதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். ஆலை முதலாளியின் பக்கம் தள்ளப்படுகிற மரம்வெட்டித் தொழிலாளியைத் தங்கள் பக்கம் கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுடைய அரசியல்.

அதே ஆண்டு மே 24இல் அவருடைய காரில் இருக்கைக்கு அடியில் குண்டு வெடித்தது. இடுப்பெலும்பு நொறுங்கி மருத்துவமனையில் கிடந்தவரையே, குண்டைக் கொண்டுபோனவர் இவர்தான் என்று போலீஸும் எஃப்பிஐயும் கைது செய்தன. வழக்கு நிற்கவில்லை. அவர் 1997இல் புற்றுநோயால் இறந்தார். 2002இல்தான் ஒரு நடுவர் குழு அதிகாரிகள் அவருடைய உரிமைகளை மீறினார்கள் என்று தீர்ப்பளித்து, அவருக்கும் உடன் காயம்பட்ட தோழருக்குமாகச் சேர்த்து 44 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. வெடித்தது தன் மீது, குற்றமும் தன் மீது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாரி தன் அமைப்புக்குள் வைத்த விமர்சனம் இன்றும் பொருந்துகிறது. இரவில் தனியாகக் காட்டுக்குள் போய் எந்திரத்தை முடக்கிவிட்டு வரும் ஆண் என்ற படிமம் அந்த இயக்கத்தின் வழிபாட்டுப் பொருளாக இருந்தது. அதில் ஊர் இல்லை, குடும்பம் இல்லை, மறுநாள் இல்லை. அவர் அதைத் திறந்தவெளிக் கூட்டங்களாகவும் பெண்கள் முடிவெடுக்கும் இயக்கமாகவும் மாற்றப் பார்த்தார். வன்முறை தவறு என்ற ஒழுக்க உபதேசமாக மட்டும் இதைப் பார்த்தால் அவரைத் தவறவிடுவோம். இரகசியமாகச் செய்வதில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்று அவர் பார்த்தார். கைக்குழந்தைக்காரி இரகசியமாக எதுவும் செய்ய முடியாது.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிராக இரண்டு கேள்விகள் வரும். இரண்டும் நியாயமானவை.

முதலாவது, பெண்கள் என்றால் அமைதி, சோறு, வேப்பமரம் என்று நீயே கூண்டில் அடைக்கிறாயே என்பது. உண்மையில் நம் இலக்கியத்தின் முதல் பெரிய தீவைப்பாளர் ஒரு பெண். கண்ணகி மதுரையை எரித்தாள். முதியோர், குழந்தைகள், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயோரைச் சேர்க என்று தீக்கு ஆணையிட்டு எரித்தாள். மால்ம் தேடும் இலக்கறிந்த தீ அதுதான். அவளுக்கு 1968இல் மெரினாவில் சிலை வைத்தோம், 2001இல் எடுத்தபோது சண்டை போட்டு 2006இல் திரும்ப வைத்தோம். ஆனால் நாம் கொண்டாடுவது அவளுடைய கோபத்தையா, கற்பையா? கணவனுக்காக எரித்தவள் என்பதால்தான் அவள் தெய்வம். தன் கிணற்றுக்காக, தன் மூச்சுக்காக எழுந்தவள் என்றால் அவள் மீது வழக்கு. பெண்ணின் கையில் தீ இருந்தால் இந்தச் சமூகத்துக்குத் தெரிந்த இன்னொரு இடம் அடுப்படி. ‘ஸ்டவ் வெடித்து’ என்று செய்தி வரும். அங்கேயும் தீ வைத்தவர் இல்லை, கசிவு மட்டும்தான். எனவே பெண்கள் இயல்பிலேயே அமைதியானவர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் நாம் எதையாவது கேட்கும்போதுதான் சொல்லுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி கடினமானது. 22 ஆண்டு மனுவும் வழக்கும் உண்ணாவிரதமும் மூட முடியாத ஆலையை, மே 22க்குப் பிறகு ஆறே நாளில் அரசாணை போட்டு மூடினார்களே? அப்படியென்றால் மால்ம் சொல்வது சரிதானே?

இதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. நெருப்பும் இரத்தமும் இல்லாமல் 2018 மே 28 அரசாணை வந்திருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஆலையை மூடியது எரிந்த வண்டியா, செத்த பிள்ளையா? வண்டி மட்டும் எரிந்து யாரும் சாகாமல் இருந்திருந்தால் குமரெட்டியாபுரத்தில் பாதிப் பேர் சிறையில் இருந்திருப்பார்கள், ஆலை விரிவாகியிருக்கும். அரசு அஞ்சியது பிணங்களைப் பார்த்து. அதை ஒரு உத்தி என்று யாராவது சொன்னால், அந்த உத்தியில் எந்த வீட்டுப் பிள்ளையைக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அரசாணையை எதிர்த்து நிறுவனம் போன வழக்கில் 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றமும் ஆலையைத் திறக்க மறுத்தன. அங்கே நின்றது ஆவணங்கள். பேராசிரியர் பாத்திமா பாபுவைப் போன்றவர்கள் இருபதாண்டுகளாகச் சேர்த்த தாள்கள், கிணற்று நீர்ச் சோதனைகள், யாரும் படிக்காமல் கிடந்த மனுக்கள். அரசாணையைப் போடவைத்தது கொலை, அதை நிலைக்கவைத்தது அந்த அலுப்பூட்டும் வேலை.

மால்ம் நேர்மையானவர். ஏழைகளின் வாழ்வாதாரத்தை உடைக்கக் கூடாது, பணக்காரர்களின் ஆடம்பரத்தைத்தான் தொட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறார். 2007இல் ஸ்டாக்ஹோமில் பணக்காரப் பேட்டைகளில் சொகுசுக் கார்களின் டயர்களில் காற்றைப் பிடுங்கிவிட்ட கூட்டத்தில் அவரும் இருந்தார். அந்தக் கூட்டம் தன்னை அஸ்ஃபால்ட் காட்டுச் செவ்விந்தியர்கள் என்று அழைத்துக்கொண்டது. பெயரைப் படித்ததும் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றது. நிலம் பறிபோன ஒரு மக்களின் பெயரை ஒரு இரவுக்குப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குப் போக முடிகிறவர்கள் அவர்கள். குமரெட்டியாபுரத்துப் பெண் கழற்றி வைக்கக்கூடிய பெயர் எதுவும் இல்லை. அவளுடைய பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது, அங்கிருந்து குற்றப்பத்திரிகைக்குப் போக ஒரு மதியம் போதும்.

அமெரிக்காவிலேயே அந்த நிலை எல்லாருக்கும் இல்லை. டகோட்டா எண்ணெய்க் குழாயின் எந்திரங்களை எரித்ததாக ஜெசிகா ரெஸ்னிசெக், ரூபி மோன்டோயா என்ற இரண்டு பெண்கள் 2017 ஜூலையில் தாமாகவே செய்தியாளர்கள் முன் நின்று ஒப்புக்கொண்டார்கள். ஒருவரும் காயப்படவில்லை. ரெஸ்னிசெக்குக்கு 2021இல் எட்டு ஆண்டு, பயங்கரவாதம் என்ற முத்திரையோடு. மோன்டோயாவுக்கு ஆறு ஆண்டு. அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை, செய்ததற்குத் தாங்களே பொறுப்பு என்று நின்றார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அவர்கள் தீயின் விலையைத் தாங்களே கொடுத்தார்கள், ஊரின் தலையில் கட்டவில்லை.

*

இதையெல்லாம் வைத்து நான் வந்து சேர்வது ஒரு தடையுத்தரவுக்கு அல்ல. இந்த மண்ணில் தீ புதிதும் அல்ல. வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13இல் திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகமும் மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தன, போலீஸ் சுட்டு நான்கு பேர் செத்தார்கள். இன்று அதை எழுச்சி என்கிறோம். நூறாண்டு கழித்து நடந்தால் நாசவேலை. பெயர் மாறுவதற்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அதுவரை வழக்குக்கு அலைகிறவள் மனைவியோ தாயோதான். எனவே ஒரு செயலை அதன் தீவிரத்தைக் கொண்டு அளக்காமல், பெண்ணியவாதிகள் மூன்று கேள்விகளால் அளக்கலாம் என்று தோன்றுகிறது. முடிவு எடுத்த இடத்தில் யார் இருந்தார்கள்? பிசகினால் யார் கை சுடும்? மறுநாள் காலையில் சிறை வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்பது யார்? மூன்றுக்கும் பதிலாக வருகிறவர்கள் ஒரே ஆட்கள் என்றால் அது அவர்களுடைய போராட்டம், நாம் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. வேறு வேறு ஆட்கள் என்றால், அது எவ்வளவு புரட்சியாக இருந்தாலும் பழைய வேலைப் பிரிவினைதான்.

ஏரலில் இருந்து பார்த்தால் நாசவேலை இரவும் பகலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆற்றில் மணல் போகிறது. மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலரை 2023 ஏப்ரல் 25இல் அவருடைய அலுவலகத்துக்குள் புகுந்து வெட்டிக் கொன்றார்கள். அவர் எந்த லாரியையும் கொளுத்தவில்லை, ஒரு புகார் எழுதினார், அவ்வளவுதான். தீவிரவாதம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று அந்தக் கொலைக்குப் பிறகு எனக்குக் குழம்பிவிட்டது. ஒரு தாளில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுவது இந்த ஆற்றங்கரையில் உயிர் போகிற காரியம்.

வெள்ளம் வடிந்த பிறகு பெரியம்மை வீட்டில் சேறு அள்ளப் போனேன். மால்மின் கேள்வியை எனக்குத் தெரிந்த தமிழில் அவளிடம் கேட்டேன். மிஷினை உடைத்திருந்தால் அப்பவே நின்றிருக்குமா பெரியம்மை? மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“ஒடைக்கலாம். ஆத்திரம் வராமலா இருந்துச்சு? ஆனா ஒடைக்கணும்னு அன்னைக்கு எங்ககிட்ட யாரும் கேக்கலியே. தீ வச்சவன் எவன்னும் எங்களுக்குத் தெரியாது. செத்தது மட்டும் எங்க பிள்ளைய” என்றாள். பிறகு, “அந்த அண்டாவ அந்தப் பக்கம் பிடி” என்றாள். பிடித்தேன்.